சக்கரத்தில் ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை

என் வீட்டுக்காரருக்கு என்மேல் இருக்கிற ஆசையைவிடக் கார் வீல்மேல் இருக்கிற ஆசைதான் பெரிது என்று தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். சிரிப்பதற்காகச் சொன்னதுதான். இன்று அவர் கண் எப்படிப் போனது என்று யாராவது கேட்டால் அந்த வீலில்தான் ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது. வேறு எங்கே ஆரம்பித்தாலும் நான் தப்பித்துக்கொள்வேன். தப்பித்துக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை.

நாங்கள் இருப்பது மாமல்லபுரத்தில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில். கடல் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் காற்று விடாது. துணி காயப்போடுகிற கம்பி வருஷத்துக்கு ஒரு தடவை துருப்பிடித்து அறுந்து விழும். நான் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். அவர் சொந்த வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வண்டி, கல்யாணத்துக்கு மட்டும்தான் விடுவார். செய்யூர் பக்கமோ படாளம் பக்கமோ, மண்டபம் எங்கே இருந்தாலும் பெண்ணையோ மாப்பிள்ளையையோ கொண்டுபோய் வாசலில் இறக்குகிற வேலை.

இந்தத் தொழிலில் ஒரு விஷயம் எனக்கு ரொம்ப நாள் தெரியாது. இப்போதெல்லாம் போட்டோக்காரர்கள் கல்யாணப் பெண்ணின் முகத்தை எடுப்பதற்கு முன்னால் காலை எடுக்கிறார்கள். கதவு திறக்கிறது, மருதாணி வைத்த கால் கொலுசோடு கீழே இறங்குகிறது. அந்தப் படத்தில் காலுக்குப் பக்கத்தில் பெரிதாகத் தெரிவது பின்சக்கரம். வீல் நன்றாக மின்னினால் புடவை ஜரிகை அதில் இன்னொரு தடவை தெரியும். அப்படி ஒரு படம் யாரோ யாருக்கோ அனுப்பி, அதைப் பார்த்தே அவரைத் தேடி வந்தார்கள். "வீலு மின்னுமே, அந்த வண்டியா?" என்றுதான் போனில் கேட்பார்கள். அவர் பேரை யாரும் கேட்டதில்லை.

வண்டியோடு வந்த வீல் சாம்பல் நிறத்தில் சோகமாக இருந்தது. மாற்ற வேண்டும் என்று செங்கல்பட்டில் ஜிஎஸ்டி ரோட்டு ஓரம் இருக்கிற ஒரு கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனார். வீல் எடுக்கப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போன ஆள் உலகத்தில் அவர் ஒருவராகத்தான் இருக்கும். கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்ததை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

"இந்தக் குரோம் பாத்தியா அண்ணாத்த, இதுல மூஞ்சி பாத்து ஷேவிங் பண்லாம். ஆனா நீ மாமல்லபுரம்ன்ற. உப்பு அடில பூந்துக்கும். ரெண்டு மழைல அப்பளமாட்டம் பொரிஞ்சி உரிஞ்சிகினு வரும். டயரு உக்கார்ற எடத்துல உரிஞ்சிதுன்னா காத்தும் நிக்காது."

அடுத்தது மெஷினில் சீவி மேலே லாக்கர் அடித்தது. அதிலும் ஒரு கல் பட்டுக் கீறல் விழுந்தால் உப்பு லாக்கருக்கு அடியில் புழு மாதிரி நெளிந்துகொண்டு போகுமாம். "உனக்கு பவுடர் கோட்டிங்தான் லாயக்கு. ஷாம்பு தண்ணி ஊத்திக் கழுவுனா முடிஞ்சிது வேல" என்றார் கடைக்காரர்.

"அதையே எடுயா" என்றேன் நான்.

என் வீட்டுக்காரர் அதைத் தட்டிப் பார்த்துவிட்டு, "பெயிண்ட் அடிச்ச அண்டா மாரி கீது" என்றார். பிறகு மூலையில் சாய்த்து வைத்திருந்த ஒன்றைப் போய்ப் பார்த்தார். அதன் மேல் ஒரு பூச்சும் கிடையாது. வெறும் அலுமினியம், கண்ணாடி போலத் தேய்த்தது.

"அது தேய்க்கத் தேய்க்க மின்னும் அண்ணாத்த. வுட்டா உங்க ஊரு காத்துக்கு ஒரே வாரத்துல சுண்ணாம்பு பூத்துடும்."

"வாராவாரம் உக்காந்து தேய்ச்சிகினு கெடப்பியாயா?" என்று கேட்டேன்.

"கை கீதில்ல?" என்றார். அதையே வாங்கினார். திரும்பி வரும் வழியெல்லாம் நான் அவரோடு பேசவில்லை.

சும்மா சொல்லக்கூடாது, வாராவாரம் தேய்த்தார். செவ்வாய்க்கிழமை யாரும் கல்யாணம் வைப்பதில்லை, அதனால் அதுதான் வீல் தேய்க்கிற நாள். எங்கள் வீட்டுக்கு எதிரில் வண்டி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் வைத்திருக்கிற பாய் அவருக்குத் தோஸ்து. வெயில் இறங்கியதும் பாயிடம் போய் வெறும் தண்ணீரில் பிரேக் தூசியெல்லாம் போகக் கழுவிக்கொண்டு வருவார். வீல் சூடாக இருந்தால் தொடமாட்டார், சூட்டில் பாலிஷ் பேஸ்ட் காய்ந்து திட்டுத் திட்டாக நின்றுவிடும். ஆறியதும் ஒரு குட்டி ஸ்டூலை வீலுக்கு நேராகப் போட்டு உட்காருவார். பழைய பனியன் துணியில் வெள்ளைப் பேஸ்ட்டைக் கொஞ்சமாகத் தொட்டு, சின்னச் சின்ன வட்டமாகத் தேய்ப்பார். வெள்ளைப் பேஸ்ட் அலுமினியத்தில் பட்டதும் மையாகக் கறுக்கும். அந்தக் கறுப்பை வேறு துணியால் துடைத்தால் அடியில் வெளிச்சம் நிற்கும். கடைசியில் மேலே ஒரு பூச்சு மெழுகு. ஒரு வீலுக்கு அரைமணி நேரம்.

அவர் வீலைக் கடிகாரமாகத்தான் பேசுவார். மேலே பன்னிரண்டு மணி, கீழே ஆறு மணி. "பன்னண்டுல ஆரம்பிச்சி ஒரு ரவுண்டு சுத்திகினு பன்னண்டுலயே வந்து முடிக்கணும். நடுவுல எய்ந்துக்கக் கூடாது." போன் வந்தால்கூட எடுக்கமாட்டார். நான் காபி கொண்டுபோய் வைத்தால், "இப்ப மூணு மணி. இன்னும் ஆறும் ஒம்போதும் கீது" என்பார். காபி ஆறிப்போகும்.

போன வருஷம் ஆடி மாதம். ஆடியில் கல்யாணம் கிடையாது, வண்டி வீட்டிலேயே நின்றது. ஒரு புதன்கிழமை காலை வாசல் தெளிக்கப் போனேன். முன்சக்கரம் பளபளவென்று இருந்தது, ஒரு கால்வாசி தவிர. ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை, இடது பக்கம் கீழே, பேஸ்ட்டே படாமல் வெளுத்துப்போய் இருந்தது. பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே இடம். அந்தப் பக்கம் சுற்றிப் போனேன். அங்கேயும் ஆறிலிருந்து ஒன்பது.

"யோவ், இங்க வா. பாதில எய்ந்து போயிட்டியா நேத்து? நாலு வீல்லயும் இந்த எடம் அப்டியே கீது பாரு."

"எங்க?"

கை வைத்துக் காட்டினேன். அவர் குனிந்து, முகத்தை இடது பக்கம் திருப்பிப் பார்த்தார். விரலை வைத்து அந்த இடத்தை ஒரு தடவை தடவினார். பிறகு கோபம் வந்தது. "நல்லா தேய்ச்சிகினு வந்தன்மே. காத்துல மறுக்கா பூத்துருக்கும். போயி உன் சோடாபுட்டிய தொடச்சிகினு வந்து பாரு."

நான் ஏழாம் வகுப்பிலிருந்து கண்ணாடி போடுகிறவள். ஊசியில் நூல் கோக்க வெளிச்சத்துக்குப் போகவேண்டும். அவரோ பஸ்ஸே எனக்குத் தெரியாத தூரத்தில் அந்தப் பஸ்ஸின் போர்டைப் படிப்பார். பேப்பரில் பொடி எழுத்து விளம்பரத்தைக் கண்ணாடி இல்லாமல் வாசித்துக் காட்டுவார். எங்கள் வீட்டில் கண் சரியில்லாத ஆள் நான்தான். அதில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை, எனக்கும்தான்.

உப்புக்காற்று நாலு வீலிலும் ஒரே இடம் பார்த்தா பூக்கும் என்று எனக்குத் தோன்றாமல் இல்லை. அடுத்த வாரமும் அதே இடம் விட்டுப்போயிருந்தது, அதற்கடுத்த வாரமும். இது என்னைத் தவிர யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. வண்டி நகர்ந்துவிட்டால் சக்கரம் சுற்றிவிடும், அந்த இடம் மேலேயோ பக்கவாட்டிலோ எங்கேயோ போய் நிற்கும். பார்க்கிறவர்களுக்கு அது ஏதோ ஒரு அழுக்குத் திட்டு. அவர் எழுந்துபோன பிறகு, வண்டி அசைவதற்கு முன்னால் பார்த்தவள் நான் ஒருத்திதான். அதே மாதத்தில் சாப்பாட்டுத் தட்டுக்கு இடது பக்கம் வைத்த டம்ளரை இரண்டு தடவை தட்டிவிட்டார். வாசல்படியில் தடுக்கினார். "இன்னாயா, புது மாப்ள மாரி தடுமாறிகினு வர்ற?" என்று கேலி செய்தேன். அவரும் சிரித்தார்.

ஆவணி பிறந்து செய்யூர்ப் பக்கம் ஒரு கல்யாணம். பெண்ணின் மாமா மண்டப வாசலில் எல்லார் முன்னாலும், "இன்னாப்பா வீலு அரகொறயா கீது? இதுக்குத்தான் உன்னத் தேடிப் புடிச்சமா?" என்று கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். சோறு போட்டு வைத்தேன், தொடவில்லை. "பேரே வீலுதாண்டி நமக்கு. அதுவும் பூட்சி" என்றார். எனக்கு அந்த மாமன் வீட்டுக்குப் போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டு வரவேண்டும் போலிருந்தது.

மறுநாள் பாய் வந்து வீலைப் பார்த்துவிட்டு, "கண்ணு பட்டுக்கீது அண்ணாத்த. ஊரு கண்ணு பூரா இந்த வீலு மேலதான்" என்றார். சரி, கண்தான் என்று நானும் நம்பினேன். நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்கினோம். பழம் தெறித்த சாறு வீலில் பட்டு அப்படியே காய்ந்தது. புளிப்பு வெறும் அலுமினியத்தை அரிக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் புத்தியில் உறைக்கவில்லை. வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழுந்து, அதைப் போக்க அவர் இன்னொரு சாயங்காலம் முழுக்கத் தேய்த்தார். தேய்த்து முடித்தபோது ஆறிலிருந்து ஒன்பது வரை புள்ளி அப்படியே இருந்தது.

சொன்னால் சண்டை. சொல்லாவிட்டால் கல்யாண வீட்டில் அவமானம். இரண்டும் வேண்டாம் என்று நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். புதன்கிழமை விடியற்காலையில் அவர் எழுவதற்கு முன்னால் எழுந்தேன். அவருடைய ஸ்டூல், அவருடைய துணி, அவருடைய பேஸ்ட். நாலு வீலிலும் அந்தக் கால்வாசியை மட்டும் தேய்த்தேன். கறுப்பு வந்தது, துடைத்தேன், மெழுகு பூசினேன். அவர் தேய்த்த இடம் எங்கே முடிகிறது, என் இடம் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. ஜாக்கெட்டில் பிரித்துத் தைத்த தையல் தெரியாமல் முடிக்கிறவள் நான், எனக்கு இது ஒரு வேலையா?

ஆவணியிலிருந்து தை வரை ஒரு புதன்கிழமைகூட விடவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமானால் எனக்கு அதில் சந்தோஷம் இருந்தது. அவருக்குத் தெரியாமல் அவரைக் காப்பாற்றுகிறேன் என்கிற கர்வம். அவர் எழுந்து வந்து, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, வண்டியிலிருந்து நாலடி தள்ளி நின்று ஒரு சுற்றுச் சுற்றுவார். ஒவ்வொரு வீலாகப் பார்ப்பார். முகம் மலரும். பெருமை பிடித்த மனுஷன், தன் வேலையைத் தானே பார்த்து ரசிக்கிறது பார் என்று ஜன்னல் வழியே பார்த்துச் சிரித்துக்கொள்வேன். ஆவணிக்குப் பிறகு வீலைப் பற்றி ஒருத்தரும் ஒரு குறை சொல்லவில்லை. அவர் மறுபடி நன்றாகச் சாப்பிட்டார்.

ஒரே ஒரு தடவை மாட்டிக்கொள்ளப் பார்த்தேன். பேஸ்ட் கறுப்பு நகக்கண்ணில் ஏறிக்கொண்டு இரண்டு நாளுக்குப் போகாது. ஒரு நாள் சோறு பரிமாறும்போது என் கையைப் பிடித்தார்.

"இன்னாமே நகத்துல?"

"கரி" என்றேன்.

"கேஸ் அடுப்புல ஏதுடி கரி?"

"கடாய் அடிப்புடிச்சிச்சி. தேய்ச்சேன். இன்னா போலீஸ் மாரி கேள்வி கேட்டுகினு கீற? துன்னுட்டு எய்ந்திரு."

கையை விட்டுவிட்டார். ஒரு கவளம் அதிகமாகவே போட்டேன்.

தை மாதம் படாளத்துக்குப் பக்கத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. மாப்பிள்ளை பின்சீட்டில், வண்டிக்கு முன்னால் பேண்டு செட்டு, வண்டி நடக்கிற வேகத்தில் நகர்ந்தது. இடது பக்கம் மேளம் அடித்துக்கொண்டு வந்தவர் செருப்பு வார் அறுந்து, மேளத்தைக் கீழே வைத்துக் குனிந்திருக்கிறார். வண்டி அந்த மேளத்தின் மேல் ஏறியது. சத்தத்தில் எல்லாரும் கத்தினார்கள். அந்த மனுஷர் கையை இழுத்துக்கொண்டதால் கை தப்பியது. ஒரு சாண் தூரம்தான்.

மேளத்துக்கு ஆக வேண்டியதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து என் முன்னால் நின்றார்.

"அந்தாளு அங்க இல்லவே இல்லடி. சத்தியமா சொல்றேன். வெறும் ரோடுதான் இருந்துச்சி."

"எந்தப் பக்கம்?"

"லெஃப்ட்டு."

"கீழ குனிஞ்சிகினு இருந்தாரா?"

"உனக்கு எப்டி தெரியும்?"

டம்ளர், படி, நாலு வீல் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன. படுபாவி, இத்தனை நாள் இதைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாயே என்று என்னை நானே திட்டிக்கொண்டேன். வாயில் வந்தது, "நாளிக்கு கண் ஆஸ்பத்திரிக்குப் போறோம்" என்பது மட்டும்தான்.

சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. முதலில் எழுத்துப் படிக்கச் சொன்னார்கள். கடைசி வரி வரைக்கும் படித்து என்னைத் திரும்பிப் பார்த்தார், பார்த்தியா என்பது போல. பிறகு ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, நடுவில் ஒரு வெளிச்சத்தை மட்டும் பார்க்கச் சொல்லி, சுற்றிலும் புள்ளி மினுக்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொன்னார்கள். ரொம்ப நேரம் அவர் அழுத்தாமலே இருந்ததை நான் கதவோரம் நின்று பார்த்தேன்.

டாக்டரம்மா இரண்டு தாளை மேஜைமேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் ஒரு வட்டம். இடது கண்ணின் வட்டம் நடுவில் ஒரு பொட்டு தவிர முழுக்கக் கறுப்பு. வலது கண்ணின் வட்டம் வெளுப்பாக இருந்தது, ஒரு கால்வாசி தவிர. இடது பக்கம், கீழே. ஆறிலிருந்து ஒன்பது வரை.

அந்த வட்டத்தை எனக்குத் தெரியும். அதை நான் கையாலேயே எத்தனையோ தடவை தடவியிருக்கிறேன்.

"கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறி நரம்பு கெட்டுப்போயிருக்கு. குளுக்கோமா. நேரா பாக்கற பார்வை நல்லா இருக்கறதால இவருக்கே தெரியாது. ஓரத்துல இல்லாதத மூளை தானே நிரப்பிக்கும்" என்று டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். "எவ்ளோ நாளா இருக்கு? வீட்ல எதாவது கவனிச்சீங்களா?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர் பேசிவிட்டார்.

"ஆடிலயே எனக்கு ஒரு டவுட்டு வந்துச்சி மேடம். கார் வீலு தேய்ப்பேன் நானு. இவ ஒரு நாளு, நாலு வீல்லயும் ஒரு எடத்த வுட்டுட்டன்னு காட்னா. எனக்கு பக்குன்னு ஆயிடுச்சி. இவள்ட்ட சொல்லிக்கல, பயந்துடுவான்னு. அதுக்கப்பறம் நானே ஒரு டெஸ்ட்டு வச்சிகினேன். செவ்வாக்கெழம தேய்ச்சிட்டு, புதன்கெழம காலைல வெளிச்சத்துல தள்ளி நின்னு பாப்பேன். அந்த எடம் வுட்டுப் போயிருந்தா கண்ணு டாக்டராண்ட போயிடறதுன்னு முடிவு பண்ணிகினேன். ஆடி முச்சூடும் வுட்டுப் போயிகினுதான் இருந்துச்சி, பயத்துல நாளத் தள்ளிகினே வந்தேன். ஆவணி கல்யாணத்துல மானம் போனப்ப, அடுத்த புதங்கெழமயும் வுட்டிருந்தா கெளம்பிட வேண்டிதான்னு இருந்தேன். அன்னிக்குப் பாத்தா ஃபுல்லா மின்னுது மேடம். அப்பறம் ஒரு வாட்டிகூட வுடல. கண்ணு சரியாப் பூட்ச்சின்னு நெனச்சிகினேன். வோணும்னா இவள கேளுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். அவரும் என்னைப் பார்த்தார், சாட்சி சொல்லு என்பது போல.

"ஆமாங்க" என்றேன். உண்மையைச் சொல்லப் பயமாக இருந்தது.

"அப்பவே வந்திருந்தா வலது கண்ண இன்னும் கொஞ்சம் காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டரம்மா. "போன பார்வை திரும்ப வராது. இருக்கறதையாவது காப்பாத்தணும். தினமும் சொட்டு மருந்து, விடவே கூடாது. வண்டி ஓட்டாதீங்க. உங்களுக்கும் நல்லதில்ல, ரோட்ல போறவங்களுக்கும் நல்லதில்ல."

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவர் உட்கார்ந்தார். எத்தனை வருஷம் கழித்து ஈசிஆரில் ஸ்டியரிங் பிடிக்காமல் வருகிறாரோ தெரியவில்லை. கை இரண்டும் மடியில் கிடந்தன. முட்டுக்காட்டுப் பாலம் வந்தது. இதற்கு மேல் தள்ளிப்போட்டால் நான் மனுஷியே இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். புதன்கிழமை விடியற்காலை, ஸ்டூல், பேஸ்ட், ஆவணியிலிருந்து தை வரை. கண்டக்டர் டிக்கெட் கேட்டு நடுவில் வந்தார், வாங்கிக்கொண்டு மிச்சத்தையும் சொன்னேன். உன் மானம் போகக்கூடாதுன்னுதான்யா செஞ்சேன் என்று சொல்லி அழுதேன். முன்சீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தி, இரண்டு பேரும் எப்படியாவது கரை சேர்ந்திருப்போம். ஜன்னல் வழியே உப்பங்கழிப் படகுகளையே பார்த்துக்கொண்டு வந்தார். கோவளம் தாண்டிப் போனோம். அப்போதுதான், என்னைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்.

"கேஸ் அடுப்புல ஏது கரி."

அவ்வளவுதான்.

இப்போது வண்டியை என் தம்பி ஓட்டுகிறான். காலையும் இரவும் சொட்டு மருந்தை நான்தான் விடுகிறேன். நாற்காலியில் உட்கார்ந்து தலையைச் சாய்த்துக் கொடுப்பார், இமையை என் விரலால் திறப்பேன், விட்டதும் எழுந்துபோய்விடுவார். "சோறு போடு", "லைட்ட ஆஃப் பண்ணு" என்று தேவைக்குப் பேசுவார். சோடாபுட்டி என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. அந்தக் கேலிக்காக நான் ஏங்குவேன் என்று யாராவது முன்னால் சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை வீலை மட்டும் யாரையும் தொடவிடமாட்டேன் என்கிறார். என் தம்பி நல்ல எண்ணத்தில், "பவுடர் கோட்டிங் அடிச்சிடலாம் மாமா" என்றான். "நான் செத்தப்பறம் அடிச்சிக்க" என்று சொல்லிவிட்டார். அதே ஸ்டூல், அதே பனியன் துணி. பன்னிரண்டில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிக்கிறார். முடித்ததும் எதிர்க்கடையிலிருந்து பாயைக் கூப்பிடுகிறார். நான் பக்கத்திலேயே வாசலில் நிற்கிறேன், என்னைக் கேட்பதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எந்தத் திட்டையும் தாங்கியிருப்பேன்.

போன செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். முன்வீலைத் தேய்த்து முடித்து, துணியை முழங்காலில் போட்டுக்கொண்டு, "பாயி, எல்லாம் வந்துச்சா பாரு. எங்கியாவது வுட்டுட்டனா?" என்று கேட்டார்.

பாய் கையைத் துடைத்துக்கொண்டு வந்து வீலைப் பார்த்தார். ஆறிலிருந்து ஒன்பது வரை வெளுத்துக் கிடந்தது. பாய்க்கு அது தெரியாமல் இல்லை. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை உற்சாகமாக வைத்துக்கொண்டு, "கண்ணாடி மாரி கீது அண்ணாத்த. ஒரு சொட்டு வுடல" என்றார்.

"பொய் சொல்லாத பாயி!" என்று கத்திவிட்டேன். சந்தில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர்கூட நின்றுவிட்டார். "நான் சொன்ன பொய்யி போதாதா? யோவ், நீ வுட்டுட்ட. ஆறு மணிலேருந்து ஒம்போது மணி வரிக்கும் அப்டியே கீது."

பாய் தலையைக் குனிந்துகொண்டார். என் வீட்டுக்காரர் திரும்பவில்லை. முழங்காலில் கிடந்த துணியைக் கையில் எடுத்தார். என் கை அந்தத் துணியைப் பிடுங்கத் துடித்தது. முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

பிறகு துணியில் பேஸ்ட்டைத் தொட்டு, இடது பக்கம் கொண்டுபோய், தனக்குத் தெரியாத இடத்தில் விரலை வைத்தார்.

"இங்கயா?" என்று கேட்டார். என்னைத்தான் கேட்டார்.

"இல்லய்யா" என்றேன். "இன்னும் கீழ."